ஸ்டியரின் மெழுகுவத்தியா, பாரஃபினா?

டிசம்பரில் கோபன்ஹேகனில் பிற்பகல் 3.40 வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். வீட்டுக்குள் இதமாக ஒடுங்கியிருக்கும் சுகத்தை டேனிஷ்காரர்கள் 'ஹூகே' என்பார்கள். மெழுகுவத்தி இல்லாமல் அது களைகட்டாது. எதை வாங்குவது?

விலை: பாரஃபின் மலிவு.

மூலப்பொருள்: பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஸ்டியரின் கொழுப்பிலிருந்து, பல நேரம் அது பாமாயில்தான், எனவே 'இயற்கை' என்ற பெருமையை அப்படியே நம்ப வேண்டாம்.

உறுதி: ஸ்டியரின் கெட்டி, ஹீட்டர் பக்கத்திலும் எளிதில் வளையாது. பாரஃபின் இளகிச் சாயும்.

கரி: ஸ்டியரினில் பொதுவாகக் குறைவு. ஆனால் ஜன்னல் காற்றில் சுடர் ஆடினால் இரண்டுமே ஒருபக்கமாக வழியும், கரி கக்கும். திரியை 1 செ.மீ.க்குள் வெட்டிவிடுங்கள்.

சாப்பாட்டு மேஜையில் மணிக்கணக்காக எரியும் நீள வத்திக்கு ஸ்டியரின். கண்ணாடிக் குவளைக்குள் வைக்கும் குட்டி வத்திக்கு பாரஃபினே போதும். அங்கே வளையவும் வழியவும் இடமில்லை.