ஏ/பி டெஸ்ட்: பிரவுசரில் பிரிப்பதா, சர்வரில் பிரிப்பதா?

இணையதளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கம் (ஏ), மீதிப் பேருக்குப் புதியது (பி). எதில் அதிகம் பேர் வாங்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் ஏ/பி டெஸ்ட். பட்டனின் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட, ஆட்களை எங்கே வைத்துப் பிரிப்பது என்பதை யோசிப்பதில்லை. முடிவு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

பிரவுசரில் பிரிப்பது சுலபம். பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சிறு நிரல்) போட்டால் போதும். தலைப்பு, படம், பட்டன் வாசகம் எல்லாவற்றையும் அன்றே மாற்றிப் பார்க்கலாம். தொல்லை என்னவென்றால், ஸ்கிரிப்ட் ஓடுவதற்குள் பழைய தலைப்பு தெரிந்துவிட்டு, கண் முன்னாலேயே புதியதாக மாறும். இந்த மினுக்கல் பி ஆட்களுக்கு மட்டுமே. பி தோற்றால், தோற்றது தலைப்பா மினுக்கலா? சொல்ல முடியாது. அதை மறைக்கப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் வெள்ளையாக வைத்தால், ஏ ஆட்களும் சேர்ந்து காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று குக்கீ, அதாவது இவர் ஏ-யா பி-யா என்று பிரவுசரில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு. ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கீயை ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 7 நாளுக்கு மேல் வைத்திருக்காது. முதல் நாள் ஏ பார்த்தவர் பத்தாம் நாள் திரும்பி வந்தால் புது ஆள், பி-யில் விழலாம். யோசித்து வாங்கும் பொருளுக்கு இந்த முறை சரிப்படாது.

சர்வரில், பயனர் எண்ணையும் டெஸ்ட் பெயரையும் ஒட்டி ஹேஷ் செய்து (அதாவது, ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண் வரும்படி மாற்றி), 100-ஆல் வகுத்த மீதியைப் பார்ப்பார்கள்: 0–49 என்றால் ஏ, 50–99 என்றால் பி. லாகின் செய்தவர் எந்தக் கருவியில் வந்தாலும் அதே பக்கம்தான் வரும். விலை, தேடல் வரிசை போன்றவற்றை இங்கேதான் சோதிக்க வேண்டும். டெவலப்பர் நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஹேஷில் டெஸ்ட் பெயரைச் சேர்க்க மறந்தால், எல்லா டெஸ்டிலும் அதே ஆட்களே பி-யில் விழுவார்கள். போன டெஸ்டின் பாதிப்பு இதிலும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் கேஷ் (ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து மறுபடி தரும் அடுக்கு) இருந்தால், முதலில் வந்தவருக்குப் போன பக்கமே எல்லாருக்கும் போய்விடும். சேமித்த பக்கத்தைத் தேடி எடுக்கும் கேஷ் சாவியில் ஏ/பி அடையாளத்தையும் சேர்த்தாக வேண்டும்.

மொபைல் ஆப் தனிக் கதை. இரண்டு வடிவமும் ஆப்புக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எதைக் காட்டுவது என்பதை ரிமோட் கான்ஃபிக் (சர்வரிலிருந்து ஆப் எடுத்துக்கொள்ளும் அமைப்பு மதிப்புகள்) சொல்லும். கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில், ஒருமுறை எடுத்த மதிப்பை இயல்பாக 12 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி எடுக்கும். முதல் முறை திறக்கும்போதோ மதிப்பு வந்து சேர்வதற்குள் வரவேற்புத் திரையே முடிந்திருக்கும். எனவே அந்தத் திரையைச் சோதிப்பதானால், ஆப்புக்குள்ளேயே சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுதான் சரி.

எந்த வழியானாலும் ஆள் போதுமா என்று முன்பே கணக்குப் போடுங்கள். 5% வாங்குவதை 6% ஆக்கியதை நம்பிக்கையோடு கண்டுபிடிக்க (80% திறன், அதாவது உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு; 5% பிழை வரம்பு, அதாவது இல்லாத வித்தியாசத்தை உண்டென்று சொல்லிவிடும் வாய்ப்பு) ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 8,200 பேர் தேவை. 6%-க்குப் பதில் 5.5% என்றால் சுமார் 31,000. கூட்டம் குறைவான தளத்தில் பட்டன் நிறத்தைச் சோதிப்பது வீண்வேலை.

முடிவைப் பார்ப்பதற்கு முன் தலைகளை எண்ணுங்கள். 10,000 பேரில் 5,050–4,950 என்று வந்தால் கவலையில்லை. 5,200–4,800 என்றால் அது தற்செயல் இல்லை. எங்கோ ஆள் ஒழுகுகிறது. பி-க்கு மட்டும் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், முதலில் அங்கே பாருங்கள்.