புகையான் எதிர்ப்பு ஜீனைத் தேட எந்த வலை: இணை வெளிப்பாடா, புரத இணைப்பா?

கேரளத்தின் பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் அரிக்கிராய் என்ற நாட்டு ரகத்திலிருந்து பிரித்தெடுத்த பிடிபி 33, சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானுக்கு எதிர்ப்பை அளக்கப் பல நாடுகளில் அளவுகோலாக வைக்கும் நெல். எதிர்முனையில் டிஎன் 1. புகையான் ஏறினால் தாங்காது. இரண்டையும் அருகருகே வளர்த்து, பூச்சியை விட்டு, அது சாறு உறிஞ்சும் இலையுறையிலிருந்து ஆர்என்ஏ எடுத்து சீக்வென்ஸ் செய்வது, பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மாணவர்கள் பட்டாம்பியிலோ கோவையிலோ எடுக்கக்கூடிய ப்ராஜெக்ட்தான். கையில் வெளிப்பாடு (ஜீன் வேலை செய்யும் அளவு) மாறிய ஜீன்கள் சில ஆயிரம் வந்து நிற்கும். அதில் பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் இரண்டு கட்சி: டபிள்யூஜிசிஎன்ஏ என்ற மென்பொருளைப் போட்டு இணை வெளிப்பாட்டு மாட்யூல் (சேர்ந்து ஏறி இறங்கும் ஜீன் கூட்டம்) பார்ப்பவர்கள் ஒரு பக்கம், பட்டியலை ஸ்ட்ரிங் என்ற புரதத் தொடர்புத் தரவுத்தளத்தில் கொட்டி, வலை வரையும் சைட்டோஸ்கேப்பில் ஹப் (அதிக இணைப்புள்ள முனை) எடுப்பவர்கள் மறுபக்கம்.

இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. இணை வெளிப்பாடு, உங்கள் செடியில், உங்கள் பூச்சி கடித்தபோது எந்த ஜீன்கள் சேர்ந்து ஏறி இறங்கின என்று காட்டும். புரத வலை, எந்தப் புரதத்துக்கு எதனோடு தொடர்பு என்று உலகில் இதுவரை சேர்ந்த தகவலைக் காட்டும். அதில் உங்கள் வயலும் இல்லை, உங்கள் புகையானும் இல்லை.

முதலில் மாதிரிக் கணக்கு. 2008-ல் ஆர் என்ற புள்ளியியல் மொழியின் பேக்கேஜாக வந்த டபிள்யூஜிசிஎன்ஏவுக்குக் குறைந்தது 15 மாதிரி வேண்டும் என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள். 20 தாண்டினால் நல்லது. கட்டுப்பாட்டில் மூன்று, பூச்சி விட்டதில் மூன்று என ஆறு மாதிரி மட்டும் வைத்திருப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆறு புள்ளிகளில் 0.9 ஒட்டுறவு (காரலேஷன்) தற்செயலாகவே ஏராளமான ஜோடிகளுக்கு வந்துவிடும். அவருக்கு வெளிப்பாடு மாறிய ஜீன்களைக் கணிக்கும் டெசெக்2 பேக்கேஜின் பட்டியலும் புரத வலையும் போதும்.

24 மாதிரி இருந்தால்? இரண்டு ரகம், நான்கு நேரம், மூன்று பிரதி. கணக்கு சரி, வடிவமைப்பில்தான் ஓட்டை. எந்த மாதிரிகள் ஒத்திருக்கின்றன என்று காட்டும் பிசிஏ படம் போட்டுப் பாருங்கள்: முதல் அச்சில் பிடிபி 33 ஒரு மூலை, டிஎன் 1 மறுமூலை. புகையானே வராவிட்டாலும் இரண்டு ரகத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஜீன்கள் வேறுபடும். அவை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டுறவு காட்டி ஒரே ராட்சத மாட்யூலாகத் திரளும். ஒட்டுறவை எந்தப் பவருக்கு (அடுக்குக்கு) உயர்த்துவது என்று தேர்ந்தெடுக்கும் சாஃப்ட் த்ரெஷோல்ட் வரைபடத்தில், வலையின் பொருத்தத்தைக் காட்டும் ஆர் ஸ்கொயர் 0.8-ஐத் தொடாமல் இழுத்துக்கொண்டே போனால், பெரும்பாலும் காரணம் இதுதான். பலர் அப்போது பவரை 28, 30 என்று ஏற்றிப் பார்ப்பார்கள்; வீண் வேலை. ரக வேறுபாட்டை லிம்மா பேக்கேஜின் ரிமூவ்பேட்ச்எஃபெக்ட் ஃபங்ஷன் கொண்டு கழித்துவிட்டு வலை கட்டலாம். ஆனால் எதிர்ப்புக்கும் அந்த வேறுபாடுதானே காரணம், அதன் ஒரு பகுதியும் சேர்ந்து போகும். ரகத்துக்கு ஒரு வலை என்று பிரித்தால் 12 மாதிரிதான் மிஞ்சும். சரியான வழி விதைக்கும் முன்பே இருக்கிறது: ஒவ்வொரு நேரத்துக்கும் பூச்சி விடாத ஜோடியையும் எடுத்தால் 48 மாதிரி, ரகத்துக்கு 24. அந்த ஜோடி இன்னொரு தவறையும் தடுக்கும். பூச்சி விட்ட காலையில் 0 மணி, ஆறு மணி நேரம் கழித்து மதியம் என்று, ஜோடி இல்லாமல் எடுத்தால், பூச்சிக்குப் பதில் என்று நினைத்த மாட்யூல் வெறும் பகல்-இரவுக் கடிகார ஜீன்களாக இருக்கும். பணம் இல்லையென்றால் 0, 24, 48, 72 மணி நேரம் என ஒரே கடிகார நேரத்தில் எடுங்கள்.

அமைப்புகளில் எங்கள் பரிந்துரை சுருக்கமாக. 90 சதவீத மாதிரிகளில் 10-க்குக் குறைந்த எண்ணிக்கை வரும் ஜீன்களைத் தள்ளுங்கள். சிதறலைச் சமப்படுத்த டெசெக்2-வின் விஎஸ்டி மாற்றம் செய்யுங்கள். சைன்டு வலையே கட்டுங்கள், அன்சைன்டில் ஏறியதும் இறங்கியதும் ஒரே மாட்யூலில் கலந்துவிடும். ஆர் ஸ்கொயர் உதவாதபோது சைன்டு வலைக்கு டபிள்யூஜிசிஎன்ஏவை எழுதியவர்கள் தரும் பவர்: 20-க்குக் குறைந்த மாதிரிக்கு 18, 20 முதல் 30 வரை 16, 30 முதல் 40 வரை 14, அதற்கு மேல் 12. மாட்யூலின் குறைந்தபட்ச அளவு 30. வெளிப்பாடு மாறிய ஜீன்களை மட்டும் வைத்து வலை கட்டும் பழக்கம் வேண்டாம். அவை எப்படியும் ஒன்றோடொன்று ஒட்டும், வலை காட்டுவது நீங்கள் வடிகட்டியதைத்தான்.

மெமரி ஒரு தொல்லை. 20,000 ஜீனுக்கு ஒரு அணி (மேட்ரிக்ஸ்) 3.2 ஜிபி; அப்படி மூன்று ஒரே நேரத்தில் தேவைப்படும். 8 ஜிபி லேப்டாப்பில் மாட்யூல் கட்டும் ப்ளாக்வைஸ்மாட்யூல்ஸ் ஃபங்ஷன் ஓடத்தான் செய்யும், ஏனென்றால் அதன் இயல்பான வரம்பு 5,000 ஜீன். தரவைத் துண்டாக்கி ஓட்டும். துண்டாக்கினால் மாட்யூல் எல்லை மாறும், ஹப்பும் மாறும். வேறுபாடு அதிகமுள்ள 10,000 ஜீனை எடுத்து, வரம்பை அதற்கு மேல் வைத்து ஒரே துண்டாக ஓட்டுவது மேல், அணிக்கு 0.8 ஜிபிதான். நடுவில் ‘அன்யூஸ்டு ஆர்க்யுமென்ட்ஸ்’ என்று பிழை வந்து நின்றால் தரவைச் சந்தேகிக்காதீர்கள்: வேறு பேக்கேஜின் காரலேஷன் ஃபங்ஷன் மேலே ஏறியிருக்கும். ‘கார்’ (cor) என்ற அந்தப் பெயரை டபிள்யூஜிசிஎன்ஏவின் ஃபங்ஷனுக்கு மாற்றிவிட்டு ஓட்டி, முடிந்ததும் திருப்பி வையுங்கள்.

ஹப்புக்குத் தனி எச்சரிக்கை. 20 மாட்யூலை 4 பண்போடு ஒப்பிட்டால் 80 சோதனை, 0.05 அளவில் நான்கு சும்மாவே தேறும். திருத்திய பி-மதிப்பைப் பார்த்துவிட்டு, பிறகு மாட்யூலோடு ஜீனின் ஒட்டுறவைக் காட்டும் கேஎம்இ 0.8-க்கு மேல் உள்ளவற்றை எடுங்கள்.

புரத வலைக்கு வருவோம். ஓட்டுவது எளிது, ஐந்து நிமிடத்தில் படம் வரும், அதுவே ஆபத்து. முதல் தடை அடையாள எண். ஸ்ட்ரிங்கில் நெல்லுக்கு இனக் குறியீடு 39947, அதாவது ஜப்பானிகா என்ற நெல் வகை. ஒரே ஜீனுக்கு நெல்லின் இரு ஜீன் பட்டியல்களில், ராப் பட்டியலில் 01ஜி0100100, எம்எஸ்யூ பட்டியலில் 01ஜி01010 என்று வேறு எண். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘.1’ போன்ற டிரான்ஸ்கிரிப்ட் எண்ணைக் கழிக்காமல் மாற்றினால் பட்டியலில் பெரும்பகுதி சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். எத்தனை போட்டோம், எத்தனை பொருந்தியது என்று எழுதி வையுங்கள்.

அடுத்தது, ஸ்ட்ரிங் ஒவ்வொரு இணைப்புக்கும் தரும் நம்பகத்தன்மை மதிப்பெண். 0.4 நடுத்தரம், 0.7 உயர்ந்தது, 0.9 மிக உயர்ந்தது. 0.7 என்றால் இரண்டு புரதமும் தொட்டுக்கொள்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது பொதுவான செயல்பாட்டுத் தொடர்பு மட்டுமே. கூட்டும் முறையைப் பாருங்கள்: இணை வெளிப்பாட்டுச் சான்று 0.4, கட்டுரைகளில் பெயர்கள் சேர்ந்து வருவது 0.4, வேறு இனத்திலிருந்து மாற்றி எடுத்த பரிசோதனை 0.4. தனித்தனியே சுமார்தான். மூன்றும் சேர்ந்தால் சுமார் 0.76; உயர்ந்த நம்பகத்தன்மை என்ற வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.

இதில்தான் நம் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் வென் படத்தின் பலவீனம் இருக்கிறது. டபிள்யூஜிசிஎன்ஏ ஹப், ஸ்ட்ரிங் ஹப், இரண்டுக்கும் பொதுவானவை ஆறு, ஆகவே அவை உறுதியானவை என்று எழுதுகிறார்கள். ஸ்ட்ரிங்குக்குள்ளேயே ஒரு இணை வெளிப்பாட்டு வாய்க்கால் (சான்று வகை) ஓடும்போது இரண்டும் சுயேச்சையான சாட்சிகள் ஆகாது. ஒப்பிட வேண்டுமானால் அந்த வாய்க்காலையும் கட்டுரைத் தேடலையும் மூடி, பரிசோதனை, தரவுத்தளம் இரண்டை மட்டும் வையுங்கள். அல்லது உடல்ரீதியாகச் சேரும் புரதங்களை மட்டும் காட்டும் பிசிக்கல் சப்நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுங்கள். நெல்லில் அப்போது படம் மெலிந்து, பாதி முனைகள் தனியாக மிதக்கும். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் உண்மை நிலவரம் அதுதான். தாவரத்தில் பெரிய அளவில் நேரடியாகச் சோதித்த வலை என்றால் 2011-ல் வந்த, அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் வலை: சுமார் 2,700 புரதம், சுமார் 6,200 இணைப்பு. நெல்லுக்குக் காட்டும் இணைப்புகளில் கணிசமானவை இப்படிப் பிற இனத்திலிருந்து வந்தவை.

ஹப்புகளை வரிசைப்படுத்தும் சைட்டோஹப்பாவில் முதலிடம் பிடிப்பவை பெரும்பாலும் ரைபோசோம் புரதம், புரோட்டியசோம், எச்எஸ்பி90. அதிகம் ஆராயப்பட்டவை அதிக இணைப்போடு தெரிவது இயல்பு. அதை எதிர்ப்பின் மையம் என்று வாசிப்பது தவறு.

ஆனால் இணை வெளிப்பாடு கோட்டைவிடுவதைப் புரத வலை பிடிக்கும் இடமும் உண்டு. 2009-ல் குளோன் செய்த பிபிஎச்14 போன்ற எதிர்ப்பு ஜீன்கள் காவல் புரதங்கள்; காவலாளி எப்போதும் வாசலில்தான் இருப்பார், பூச்சி வந்ததும் அளவு ஏற வேண்டிய அவசியமில்லை. ஏறாத ஜீனுக்கு ஒட்டுறவு கிடைக்காது, எந்த மாட்யூலிலும் சேராதவை தங்கும் சாம்பல் மாட்யூலில் போய் விழும். அதோடு கைகோக்கும் புரதங்கள் வழியாகத்தான் அதை எட்ட முடியும்.

எல்லாவற்றுக்கும் மேல், பிடிபி 33 இண்டிகா என்ற வேறு வகை. ஜப்பானிகாவின் நிப்பான்பாரே ரகத்தின் ரெஃபரன்ஸ் ஜீனோமில் அதன் எதிர்ப்பு ஜீன் வேறு வடிவில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லாவிட்டால் ஸ்ட்ரிங் எந்த அமைப்பில் ஓட்டினாலும் அதைக் காட்டாது. அந்த ரெஃபரன்ஸில் பொருந்தாத (மேப் ஆகாத) ரீட்களை, அதாவது சீக்வென்ஸ் துண்டுகளை, எடுத்து ட்ரினிட்டி மென்பொருளில் தனியாக அசெம்பிள் செய்து, கிடைக்கும் டிரான்ஸ்கிரிப்ட்களையும் எண்ணிக்கை அட்டவணையில் சேர்த்தால், டபிள்யூஜிசிஎன்ஏ அவற்றுக்கும் மாட்யூல் தரும். இந்த ஒரு காரணத்துக்காகவே, 20 மாதிரிக்கு மேல் இருந்தால் முதல் ஓட்டு இணை வெளிப்பாட்டுக்கு. புரத வலையை, தேர்ந்த மாட்யூலுக்குள் யார் யாரைத் தொடக்கூடும் என்று கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்படி வரும் ஜோடி சவ்வுப் புரதமாக இருந்தால் புரதத் தொடர்பைச் சோதிக்கும் சாதாரண ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையில் சிக்காது. சவ்வுப் புரதங்களுக்கான ஸ்ப்ளிட் யுபிக்விட்டின் முறைக்குச் செலவை முன்கூட்டியே ஒதுக்குங்கள்.