தாலி கட்டிவிட்டு கே-1 போட்ட கதை

அமெரிக்கக் குடியுரிமை வைத்துக்கொண்டு ஊரில் பெண் பார்த்து வைத்து, கே-1 (நிச்சயித்த பெண்ணை அமெரிக்காவுக்கு வரவழைக்கும் விசா) போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாரிடம் வேண்டுமானாலும் பணத்தைக் கொடுங்கள். எனக்குப் போனது 1,800 டாலர், அதோடு ஒன்றரை வருடம்.

நான் நியூ ஜெர்சி, அவள் மதுரை. 2023 ஆவணியில் இரண்டே வாரம்தான் லீவு கிடைத்தது. மண்டபம் பிடித்துப் பெரிதாகச் செய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நிச்சயம் முடிந்த கையோடு திருப்பரங்குன்றத்தில் ஒரு தாலியைக் கட்டிவிட்டுப் போங்கள் மாப்பிள்ளை என்று அத்தை ஒரே பிடிவாதம். கட்டுவதற்கு முன்பே, இங்கே இமிக்ரேஷன் கன்சல்டன்ட் என்று போர்டு வைத்திருக்கும் ஒருவரிடம் வாட்ஸப்பில் கேட்டேன். நம்ம ஊர்க்காரர், கோயில் பழக்கம். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது. "தாராளமா கட்டுங்க தம்பி, ரிஜிஸ்டர் மட்டும் பண்ணிடாதீங்க. ரிஜிஸ்டர் பண்ணலேன்னா சட்டப்படி கல்யாணமே இல்ல. கே-1 போட்டா ஆறே மாசம், பொண்ணு இங்க."

இதில் ஒரு வரிகூட உண்மையில்லை.

கே-1 என்பது இன்னும் கல்யாணம் ஆகாதவர்களுக்கு. வந்து இறங்கிய 90 நாளுக்குள் இங்கே கல்யாணம் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஆகிவிட்டதென்றால் அது மனைவி கேஸ், மனைவிக்கான மனுவான ஐ-130தான் போட வேண்டும். பதிவு செய்யாததால் இந்துத் திருமணம் செல்லாமல் போவதில்லை. அதிலும் தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு உண்டு, சுயமரியாதைத் திருமணத்துக்காக அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவந்தது. ஐயரும் வேண்டாம் ஹோமமும் வேண்டாம், சொந்தபந்தம் முன்னால் ஒருவரையொருவர் ஏற்று மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். நல்ல சட்டம்தான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு, ஆனால் என் ஃபைலுக்குள் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. நிச்சயதார்த்தத்திலேயே மாலை மாற்றி மோதிரம் போட்டு ஆல்பம் போடுகிறவர்கள் கே-1க்குப் போவதாக இருந்தால் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

கே-1க்கான மனு ஐ-129எஃப். அந்தப் படிவத்தில் 'திருமணம் ஆகாதவர்' என்று அந்தக் கன்சல்டன்டே டிக் அடித்தார், கையெழுத்து மட்டும் நான். படிவத்தைத் தயாரித்தவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு பகுதி இருக்கிறது, அதைக் காலியாக விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு "அதெல்லாம் வக்கீல்களுக்குத்தான் தம்பி" என்றார். அது வக்கீலுக்கு மட்டுமில்லை, உங்களுக்காக எழுதித் தரும் யாருக்கும்தான். அந்த இடத்தை ஒருவர் காலியாக விட்டால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள், நான் வரவில்லை.

ஆறு மாதம் என்றது பதினாறு மாதம் ஆனது. இன்டர்வியூ மும்பையில். மாமாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் போனாள். நிறைய போட்டோ வையுங்கள் என்று கன்சல்டன்ட் சொன்னதால் கோயிலில் எடுத்ததையும் வைத்திருந்தேன். அதிகாரி அதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாராம். கழுத்தில் புது மஞ்சக் கயிறு, பக்கத்தில் அட்சதைத் தட்டோடு அத்தை. இது எப்போது எடுத்தது என்று கேட்டார். என்கேஜ்மென்ட் ஃபங்ஷன் என்று சொல்லும்படி முந்தின நாள் ராத்திரி போனில் அவளுக்குப் பாடம் நடத்தியிருந்தார் நம்ம ஆள். அவளுக்கு வாய் வரவில்லை, எங்க கல்யாணத்தன்னைக்கு என்று சொல்லிவிட்டாள். அங்கேயே முடிந்தது.

அன்றைக்கு அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் உண்மையான வக்கீல் ஒருவரிடம் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவள் பொய் சொல்லி மாட்டியிருந்தால் வாழ்நாள் தடை வரைக்கும் போயிருக்கும். இப்போது சிக்கல் அவள் பேச்சில் இல்லை, 'ஆகாதவர்' என்று நான் போட்ட கையெழுத்தில்.

காசுக் கணக்கும் கன்சல்டன்ட் சொன்னபடி இல்லை. கே-1இல் வந்து கல்யாணம் செய்த பிறகு கிரீன் கார்டுக்கு ஐ-485 என்று தனியாக ஒரு விண்ணப்பம் போட வேண்டும், 2024 ஏப்ரலில் ஏற்றிய கட்டணப்படி அது மட்டுமே 1,440 டாலர். வேலை அனுமதி வரும்வரை வீட்டில்தான். முன் அனுமதி வாங்காமல் ஊருக்குப் போனால், சாவு வீடாக இருந்தாலும் சரி, அந்த விண்ணப்பம் போச்சு. மனைவி விசாவில் வந்தால் இறங்கிய அன்றே நிரந்தர வசிப்புரிமை, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாவிட்டால் நிபந்தனையோடு. இதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் கே-1 பக்கமே போயிருக்க மாட்டேன்.

இப்போது மதுரையில் திருமணத்தைப் பதிவு செய்துவிட்டோம். ஐ-130 நானே ஆன்லைனில் போட்டேன், 625 டாலர். பழைய படிவத்தில் நடந்தது என்ன என்று விளக்கி வக்கீல் எழுதித் தந்த கடிதத்தையும் சேர்த்திருக்கிறேன். காத்திருக்கிறோம்.

கன்சல்டன்டிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "விசா குடுக்கிறது என் கையிலயா இருக்கு தம்பி?" என்றார். அவர் கொடுத்த ரசீதை அப்போதுதான் சரியாகப் படித்தேன். 1,800 டாலர், டைப்பிங் சார்ஜ்.