பாரிஸைச் சுற்ற: பழைய சித்ரோயனா, சீன் நதிப் படகா?

செலவு
கார்: சித்ரோயனின் பழைய சின்ன மாடலான 2சிவி-யில் ஓட்டுநர் போக மூன்று பேர்தான். தனியாகப் போனால் கட்டணம் கையைக் கடிக்கும். மூவர் பகிர்ந்தால் பரவாயில்லை.
படகு: தலைக்கு ஒரு டிக்கெட். ஒரு மணி நேரச் சவாரிக்கு இதுதான் மலிவு.

பார்ப்பது
கார்: மோன்மார்த் மேடு, சந்துகள், கல் பாவிய தெருக்கள். படகு இங்கே எட்டியும் பார்க்காது.
படகு: லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள், நோத்ரதாம் தேவாலயம் மூன்றும் கரையோரம். அல்மா பாலத்திலிருந்து கிழக்கே போகும்போது ஓர்சே வலப்பக்கம், லூவ்ர் இடப்பக்கம். மேல்தளத்தில் உட்காருங்கள், கீழே, இருட்டிய பிறகு கண்ணாடியில் உங்கள் முகம்தான் படமாகும்.

வசதி
கார்: 1948-இல் அறிமுகமான மாடல். பின்னாளைய வண்டிகளில்கூட இன்ஜின் 602 சிசி, காற்றில் குளிரும் இரண்டு சிலிண்டர், மேட்டில் முக்கும். மெத்தென்ற ஸ்பிரிங், அதனால் வளைவில் வண்டி நன்றாகச் சாயும். ஏசி கிடையாது. துணிக்கூரையைச் சுருட்டினால் வானம் தெரியும். மழையில் அந்தச் சுகமும் போச்சு. முழங்கால் வலிக்காரர் முன் இருக்கையைக் கேட்டு வாங்கவும்.
படகு: ஆட்டம் குறைவு, பெரியவர்களுக்கு உகந்தது. நதி பெருகினால் பாலத்தடியில் உயரம் போதாமல் சவாரி நின்றுவிடும். 2018 ஜனவரியில் அப்படித்தான்.

இருவராக, பகலில், மோன்மார்த் ஆசையோடு வந்தால் கார். குடும்பமாக வந்தால் படகு. இருட்டிய பின் ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐஃபல் கோபுரம் ஐந்து நிமிடம் மினுங்கும், அதற்கேற்ப ஏறுங்கள்.