விதையா, செடியா? பெர்ரி ரகங்களை எப்படிக் காப்பது

கனிந்த ஸ்ட்ராபெர்ரிகளைத் தண்ணீரோடு மிக்ஸியில் போட்டு மெதுவாக ஒரு சுற்று விடுங்கள். சதை மேலே மிதக்கும், நல்ல விதைகள் அடியில் தங்கும். அவற்றை நன்றாக உலர்த்தி, மைனஸ் 18 டிகிரியில் வைத்துவிட்டால் பல்லாண்டுகள் உயிரோடு இருக்கும். ஒரு சின்ன உறைக்குள் நூற்றுக்கணக்கான செடிகள்! செலவிலும் இடத்திலும் விதை வங்கியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் அந்த விதை முளைத்தால் வருவது அதே தாய்ச்செடி இல்லை. தோட்ட ஸ்ட்ராபெர்ரியில் எட்டுத் தொகுதிகளாக 56 குரோமோசோம்கள். விதைக்கு விதை அந்தக் கலவை மாறும். புளூபெர்ரியிலும் விதைக்குள் கலவை மாறத்தான் செய்யும். 1910-களில் நியூஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற பண்ணைக்காரப் பெண், பெரிய பழம் காய்க்கும் காட்டுப் புதர்களைக் காட்டுபவர்களுக்குப் பணம் கொடுத்தார். பழத்தை அளந்து பார்க்க, துளையிட்ட அளவுகருவியும் கொடுத்தனுப்பினார். அப்படிக் கிடைத்த ஒரு புதர்தான் ‘ரூபெல்’. இன்று எங்கே ரூபெல் வளர்ந்தாலும் அது அந்த ஒரே புதரின் துண்டிலிருந்து வந்ததுதான். அன்று விதையை மட்டும் எடுத்து வைத்திருந்தால் ரூபெல் இன்று இருக்காது.

அதனால் எதைக் காக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். காட்டுச் செடி என்றால் யோசிக்கவே வேண்டாம், விதைதான். அதுவும் ஒரே செடியில் எடுக்காமல், பல செடிகளிலிருந்து சேகரிக்க வேண்டும். காட்டுக் குணங்களை லேசாக நினைக்கக் கூடாது. யூட்டாவின் வாசாட்ச் மலையிலிருந்து ஸ்ட்ராபெர்ரி ஆய்வாளர் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட் 1950-களில் கொண்டுவந்த காட்டு ஸ்ட்ராபெர்ரியால்தான், பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் ரகங்கள் உருவாயின.

பெயர் பெற்ற ரகங்களைச் செடியாகவே வைக்க வேண்டும். வயலில் வைத்தால் பூவைப் பார்க்கலாம், பழத்தைச் சுவைக்கலாம், இரண்டு ரகங்களை அருகருகே ஒப்பிடலாம். எனக்கு மனதளவில் பிடித்த முறை இதுதான். ஆனால் ஆபத்தும் இதில்தான் அதிகம். அசுவினிப் பூச்சி வழியாக வைரஸ் சேரும், ஒரு கடுங்குளிர் போதும், நிலத்துக்கே விலை வைத்தும் விடுவார்கள். ரஷ்யாவில் 1926-இல் தொடங்கிய பாவ்லோவ்ஸ்க் நிலையத்தின் பெர்ரி வயல்கள் 2010-இல் வீட்டுமனைகளாகப் போக இருந்தன. வேரூன்றிய ஆயிரக்கணக்கான செடிகளைச் சில மாதங்களில் இடம் மாற்றவே முடியாது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே அந்த நிலம் தப்பியது. அமெரிக்காவின் கார்வாலிஸ் மரபு வள மையம் பல செடிகளைப் பூச்சி புகாத வலைக்கூடங்களில் தொட்டியில் வளர்க்கிறது. வேலை அதிகம்தான், ஆனால் வைரஸ் பயம் குறைகிறது.

திசு வளர்ப்பு வேறு வகை: செடியின் சிறு துண்டைக் கண்ணாடிக் குழாயில், கிருமியில்லாத ஊட்டக் கூழில் வளர்ப்பது. 4 டிகிரி குளிரில் சின்னச் செடிகளை ஓராண்டுக்கு மேலும் தொடாமல் விடலாம். நோய் சோதித்த செடியை எல்லை தாண்டி அனுப்ப இதைவிட நல்ல வழியில்லை. நிரந்தர இருப்புக்கு மட்டும் நான் இதை நம்ப மாட்டேன். திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும், கிருமி புகுந்தால் அந்தக் குழாய் போச்சு.

அப்புறம், திரவ நைட்ரஜன். நுண்ணோக்கியின் கீழ் 1 மில்லிமீட்டர் அளவு தளிர் நுனியை வெட்டி, செல்லுக்குள் பனிப்படிகம் உருவாகாதபடி காப்புக் கரைசலில் ஊறவைத்து, மைனஸ் 196 டிகிரியில் இறக்குகிறார்கள். கைத்திறன் வேண்டும். எல்லா ரகமும் ஒரே அளவுக்கு மீண்டு வராது. ஆனால் ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் வைரஸோ குளிரோ தொட முடியாது. நைட்ரஜன் குறையாமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் போதும்.

என்னைக் கேட்டால், காட்டு வகைகளுக்கு விதை, ரகங்களுக்கு வலைக்கூடத் தொட்டி. அந்தத் தொட்டிச் செடிகளின் நுனிகள் வேறோர் ஊரின் நைட்ரஜன் தொட்டியிலும் இருக்க வேண்டும். பணம் குறைவு என்றால், வேறெங்கும் இல்லாத ரகங்களை முதலில் அங்கே அனுப்புவேன்.