ஊதுபத்தி, கோன், சாம்பிராணி: சுங்கை சிப்புட் வீட்டில் பல வருடப் பழக்கம்

ஊதுபத்தி டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து வாங்கும் பழக்கத்தை நான் விட்டுப் பல காலம் ஆகிறது. பற்ற வைக்காத பத்தியில் நாம் முகர்வது மேலே ஏறியிருக்கும் வாசனை எண்ணெயைத்தான். ஏற்றிய பிறகு வருவது வேறு. கரித்தூள், மரத்தூள், பசை, மூங்கில் குச்சி எல்லாம் சேர்ந்து எரிகிற மணம் அது. டப்பாவில் மல்லிகையாக இருந்தது கூடத்தில் கருகல் வாடையாகிவிடும். டப்பாவில் ஒன்றுமே தெரியாதது ஏற்றியதும் பிரமாதமாக எழும். இரண்டையும் நிறையப் பார்த்தாயிற்று. அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: பத்தி அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன மணக்கிறது?

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. அப்பா அம்மா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தபோது பலகை வீடு. சுவர் இடுக்கிலேயே பத்தியைச் செருகிவிடுவார்கள், இல்லாவிட்டால் பாதி வாழைப்பழத்தில் குத்தி வைப்பார்கள். எத்தனை ஏற்றினாலும் பலகைச் சந்து வழியே புகை போய்விடும். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) டெரஸ் வீடு. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அம்மா பழைய வழக்கப்படி மூன்று பத்தியைச் சேர்த்து ஏற்றினால் கூடத்தில் உட்கார முடியாது. எந்தப் பிராண்டு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான்.

கடையில் கிடைப்பவற்றை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒன்று, கரித்தூளும் மரத்தூளும் ஜிகட் என்ற மரப்பட்டைத் தூளும் கலந்து குச்சியில் ஏற்றிக் காயவைத்து, பிறகு வாசனை எண்ணெயில் முக்கி எடுப்பது. அறுகோண டப்பாவில் இருபது குச்சி, ஆறு டப்பா சேர்ந்து ஒரு கட்டு என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பாலும் இதுதான். கறுப்பாக, வழவழப்பாக, எல்லாம் ஒரே பருமனில் இருக்கும். எண்ணெயை நீர்க்கச் செய்ய டைஎத்தில் தாலேட் போன்ற கரைப்பானைச் சேர்ப்பதும் இந்தத் தொழிலில் சகஜம். மற்றொன்று மசாலா பத்தி. மணம் தரும் மரத்தூள், பிசின், வேர், மூலிகை எல்லாவற்றையும் முதலிலேயே மாவோடு பிசைந்து குச்சியில் உருட்டுவார்கள். பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். ஒட்டாமல் இருக்க மேலே தூவிய மாவு விரலில் வரும்.

முக்கியெடுத்த வகைக்கு நான் எதிரியில்லை. விலை மலிவு, ஏற்றிய நிமிடமே மணம் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். மீன் பொரித்த வாடையை அமுக்க இதுதான் சரி. ஆனால் அந்த ஒரு மணி நேரச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுவிடும். ரோஜா போய்விடும், திரைச்சீலையில் கரி வாடை மட்டும் நிற்கும். பழ வாசனை எதுவும் எங்கள் வீட்டில் தேறவில்லை. ஸ்ட்ராபெர்ரி ஊதுபத்தியை யார் கேட்டார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஈரமான நாளில் இன்னொரு தொல்லை உண்டு. அடிக்குச்சிக்கு ஏற்றிய சிவப்புச் சாயம் விரலில் ஒட்டும். சுவாமி படத்துக்குக் கீழே வெள்ளை டைல்ஸில் வட்டமாகக் கறை பிடித்தது அப்படித்தான். பிராண்டு பெயர் சொல்லப் போவதில்லை, சாயக் குச்சி எல்லாவற்றிலும் கொஞ்சமாவது இது நடக்கும். சாயம் ஏற்றாத மூங்கில் குச்சியாகப் பார்த்து வாங்கினால் தீர்ந்தது.

மூங்கில் என்றதும் ஒன்று. டப்பாவில் இந்தியத் தயாரிப்பு என்றிருந்தால் குச்சியும் இந்திய மூங்கில்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பல வருடமாகக் குச்சியும் வாசனை ஏற்றாத வெறும் பத்தியும் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2019 ஆகஸ்டில்தான் இந்திய அரசு ஊதுபத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 25 ஆக்கியது. அதுவரை நமக்குப் பக்கத்திலுள்ள வியட்நாம் மூங்கில், மேற்கே போய் மணம் ஏற்றிக்கொண்டு, மறுபடி கிழக்கே கப்பலேறி மலேசியா வந்துகொண்டிருந்தது!

மசாலா வகைக்கு வருவோம். மைசூர் ஊதுபத்திக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 1948-இல் மைசூரில் தொடங்கிய சைக்கிள் பிராண்டு இங்கே நம் மளிகைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் நிலைத்தது சத்யா நாக் சம்பா, அந்த நீல வெள்ளை டப்பா. 1964 முதல் இயங்கும் நிறுவனம். செண்பகமும் சந்தனமும் சேர்ந்த மணம் என்பார்கள். எனக்குச் செண்பகத்தைவிட லேசான இனிப்பும் மண் வாடையும்தான் முதலில் படுகிறது. ஒரு குச்சி முக்கால் மணி நேரம் தாங்கும். அணைந்த பிறகுதான் இதன் அழகு. புகை நெடி இறங்கிய பின் பருத்தித் துணியில் தங்குவது சந்தனச் சாயலுள்ள ஒரு மெல்லிய வாசம். அலமாரிப் புடவையில்கூட இருக்கும். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "இது பூசை வாசனை இல்லடி, கடை வாசனை" என்பார். அவருக்கு மல்லிகைதான்.

நாக் சம்பா வகைக்குப் பழைய சேர்மானம் மட்டிப்பால். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து மரம் ஒன்றில் கீறினால் வடியும் பிசின். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம், அதனால்தான் அது சேர்ந்த பத்தி காய்ந்து உதிராமல் மெத்தென்று இருக்கும். மைசூரில் இது வரம். அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் தவறாமல் மழை கொட்டுகிற பேராக்கில் அதே குணம் தலைவலி. டப்பாவைத் திறந்து வைத்த பத்தி களிமண் போலாகிவிடும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், பற்ற வைத்தால் பாதியில் அணையும். மட்டிப்பால் இல்லாத பத்திக்கும் ஈரம் ஆகாது. மூங்கில் அடியில் பச்சையாகப் பூஞ்சை பிடித்த கட்டுகளை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

ஆகவே சேமிப்புதான் பாதி விஷயம். காலியான மைலோ டின்னை நன்றாகத் துடைத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, அடியில் கொஞ்சம் பச்சரிசியைத் துணியில் முடிந்து போட்டு, பத்தியை அதன் பிளாஸ்டிக் உறையோடே நிறுத்திவிடுங்கள். பெரிய டின்னாக இருந்தால் எட்டு அங்குலக் குச்சி நிற்கும், நீளமானதைச் சாய்த்து வைத்து, மூடிக்குப் பதில் டின் வாயில் பிளாஸ்டிக் கட்டலாம். ரோஜாவையும் சந்தனத்தையும் ஒரே டின்னில் போடாதீர்கள், ஒன்றின் மணம் மற்றதில் ஏறிவிடும். ஈரம் ஏறிய பத்தியை வெயிலில் வைத்தால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். அரிசி டின்னில் நாலைந்து நாள் கிடந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம் கோன். குச்சி இல்லை, மூங்கில் எரிகிற வாடையும் இல்லை, அந்த வகையில் பத்தியைவிடச் சுத்தமான மணம். ஆனால் அதன் வடிவத்தைப் பாருங்கள். நுனியில் சின்னதாகத் தொடங்கி அடி நோக்கி எரிய எரிய, எரியும் பரப்பு பெருகிக்கொண்டே போகும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை போலிருக்கும், கடைசி ஐந்து நிமிடத்தில் புகை குபுகுபுவென்று வரும். இருபது நிமிடத்தில் கதை முடிந்துவிடும். சின்ன அறைக்கு இது ஆகாது. நான் முன்வாசல் போர்ச்சில், கார் நிற்கும் இடத்தில் வைப்பதோடு சரி. அடியும் நன்றாகச் சுடும். பிளாஸ்டிக் தட்டில் வைக்கவே கூடாது, மண் அகலில் கொஞ்சம் மணல் போட்டு வைத்தால் நிம்மதி.

அடியில் ஓட்டை உள்ள கோன் ஒன்று வருகிறது. புகை அருவி மாதிரி கீழே வழியும் என்று பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பொம்மையோடு விற்கிறார்கள். ஓட்டை வழியே இறங்கும்போது புகை சூடு குறைந்து காற்றைவிடக் கனமாகிறது, அதனால் வழிகிறது. பார்க்க அழகுதான். ஆனால் மின்விசிறி ஓடினால் அருவி கலைந்துவிடும். மலேசியாவில் விசிறியை நிறுத்திவிட்டு யார் உட்கார்வது? போதாததற்குப் பொம்மை முழுக்கப் பிசுபிசுவென்று பழுப்பு எண்ணெய் படியும். என் அண்ணன் மகன் ஆசைப்பட்டு வாங்கினான், இப்போது அது மீன் தொட்டிக்குள் கிடக்கிறது.

சாம்பிராணியில் கப் வகை வசதி. கம்ப்யூட்டர் சாம்பிராணி என்றும் கேட்டு வாங்குவார்கள். வெள்ளிக்கிழமை ஒன்று ஏற்றி வீடு முழுக்கக் காட்டலாம், தணலுக்கு அலைய வேண்டாம். ஆனால் நிஜ சாம்பிராணியின் மணம் வேண்டுமென்றால் கட்டி வாங்குங்கள். இந்தப் பிசின் பேர்போன இடமே சுமத்திரா, நமக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம். மலாய்க்காரர்கள் கெமெனியான் என்று விற்பதும் அதுதான். இங்கே பக்கத்துக் கரையில் விளைவதை, கப்பில் அடைத்து இந்தியாவிலிருந்து வரவழைத்துக்கொண்டிருக்கிறோம். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் ஒரு சிட்டிகை போட்டால் வெண்ணிலா சாயலில் ஒரு இனிப்பு எழும். எந்தக் கப்பிலும் எனக்கு அது வந்ததில்லை. அகிலும் அப்படித்தான். ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் பக்கம் காரு மரம், அதாவது அகில் மரம், வளர்த்துச் சுற்றுலாவே நடத்துகிறார்கள். காட்டு மரம் அருகிவருவதால் அது 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆகவே சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்கும் ‘ஊத்’, அதாவது அகில் பத்தியில் அகில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மலிவான சந்தனப் பத்திக்கும் அதே கணக்கு.

இனிப் புகை. 2019 செப்டம்பரில் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்து நாட்டில் ஏராளமான பள்ளிகளை மூடினார்களே, அப்போது அண்ணன் மகனுக்கு மூச்சிளைப்பு அதிகமாகி, வீட்டில் பத்தியை அறவே நிறுத்தினோம். வானம் தெளிந்த பிறகு ஒரு குச்சி ஏற்றியபோதுதான் தெரிந்தது, இத்தனை நாள் எங்கள் மூக்கு எவ்வளவுக்குப் பழகிக் கிடந்தது என்று. ஒன்றே அதிகமாக இருந்தது. 2008-இல் வந்த ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு: ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள், ஒரு கிராம் சிகரெட்டுக்கு 10. சிகரெட்டை நேராக நெஞ்சுக்குள் இழுக்கிறோம், பத்தியை அப்படி இழுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் மூடிய அறையில், குழந்தை தூங்கும் இடத்தில் ஏற்றுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை. மூலிகை, இயற்கை என்று டப்பாவில் போட்டிருந்தாலும் எரிந்தால் புகை புகைதான். கொசு ஓடும் என்று விற்கும் பத்தியை நான் தொடுவதே இல்லை. உள்ளே என்ன மருந்து என்று பல டப்பாவில் எழுதியிருப்பதில்லை. டிங்கி (டெங்கு) பயத்துக்கு, தண்ணீர் தேங்காமல் வாளியைக் கவிழ்த்து வைப்பதுதான் வழி.

இப்போது எங்கள் வழக்கம்: காலையில் அம்மாவின் மல்லிகை ஒன்று, பாதியாக முறித்து. சாயங்காலம் முன்கதவும் பின்கதவும் திறந்திருக்கும்போது நாக் சம்பா ஒன்று. கதவைச் சாத்துவதற்கு முன்பே அது அணைந்துவிட வேண்டும். விசிறிக்கு நேர் கீழே வைக்காமல், காற்று உள்ளே வருகிற பக்கம் ஓரமாக வைத்தால் பாதிப் பத்தியே வீட்டுக்குப் போதும்.

வாங்கும்போது தேதி கேளுங்கள். நான் வழக்கமாக வாங்கும் கடையில் ஒரு முறை, "அண்ணே, இது எப்ப வந்த சரக்கு?" என்றேன். "போன தீபாவளிக்கு வந்ததும்மா. ஊதுபத்தி என்ன மீனா, கெட்டுப்போக?" என்றார். கெட்டுத்தான் போகிறது அண்ணே, வருடம் திரும்பினால் மேல்மணம் போய்விடுகிறது, என்று ஒரு குச்சியை அங்கேயே ஏற்றிக் காட்டினேன். இப்போதெல்லாம் தீபாவளிக்கு முந்தின மாதம் புதுக் கட்டு இறங்கியதும் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடுகிறார். ஆறு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.