சொல்லாமல் மாறிய எண்: ஓட்டக் கடிகாரத்தோடு இரண்டரை வருஷம்

பள்ளிக்கூடத்தில் என்னோடு கணக்குப் பாடம் எடுக்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் வாட்ஸப்பில் குரல் செய்தி போட்டிருந்தாள். "அக்கா, நீங்க கட்டியிருக்கிற ஓட்ட வாட்ச் 5,200 ராண்டிலேருந்து 3,100க்கு இறங்கிருச்சு. வாங்கிரட்டுமா?" அன்றைக்குத்தான் என் கடிகாரம் ரிப்பேர் கடையிலிருந்து திரும்பி வந்திருந்தது. 'வாங்கு' என்று அடித்து அழித்தேன். 'வேண்டாம்' என்று அடித்து அதையும் அழித்தேன். ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை இது. அதனால் உட்கார்ந்து முழுசாகவே எழுதுகிறேன்.

திரை எவ்வளவு பெரிசு, எடை எவ்வளவு என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. கம்பெனிப் பெயரையும் எழுதப்போவதில்லை. தங்கச்சிக்கு அது தெரியும். நான் சொல்லப்போகும் குறை மற்ற கம்பெனிக் கடிகாரங்களிலும் வரக்கூடியது, ஒரு பெயரை மட்டும் இழுப்பது நியாயமாகாது.

முதலில் 2022. அந்த வருஷம்தான் மாரத்தானுக்கு முதல் தடவை பேர் கொடுத்தேன். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும் வேன் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் ஓடுகிறது. அதன் டீசலுக்குக் காசு சேர்ப்பது என் எண்ணம். என் மாமனார் கடைசி நாலு வருஷம் அந்த வேனில் போய்வந்தவர். கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் தெருவிலுமாக 38 பேர், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஆயா முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவர். அவர் கிலோமீட்டருக்கு 10 ராண்ட் என்றார், 42 கிலோமீட்டருக்கு 420 ராண்ட். நான் பயிற்சிக்குப் போகும் கடற்கரையின் பெரும்பகுதியில் நிறவெறி ஆட்சியில் இந்தியர்கள் கால் வைக்க முடியாது. "அங்கே நீ ஓடுறதைப் பார்க்கவே குடுக்கலாம்" என்று சொல்லித்தான் தொகையை எழுதச் சொன்னார்.

நான் அவசரப்பட்டேன். வாரத்துக்கு 30 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவள் மூன்றே வாரத்தில் 55க்குப் போனேன். இடது காலில், கணுக்காலுக்கு மேலே எலும்பின் உள்பக்கம், ஐந்து ராண்ட் நாணயம் அளவு இடத்தில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தசைப்பிடிப்பாக இருக்கும் என்று நானே முடிவு செய்து இன்னும் பத்து நாள் ஓடினேன். பிறகு எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் விரிசல் தெரிந்தது. இப்படிப்பட்ட விரிசல் ஆரம்பத்தில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் அகப்படாது என்பதை டாக்டர் அப்போதுதான் விளக்கினார். பாரம் கூடும்போது எலும்பு முதலில் பழையதைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதியதைக் கட்டும். கரைப்பது வேகம், கட்டுவது தாமதம். அந்த இடைவெளியில் மேலும் மேலும் பாரம் ஏற்றினால் விரிசல் விடும். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அந்த 38 பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஆயாவிடம் மட்டும் நேரில் போனேன். "காசு வேனுக்குத்தானேம்மா, உன் காலுக்கில்லையே. வச்சுக்கோ, அப்புறமா ஓடு" என்றார். அந்த 420 ராண்டை அன்றே வேனுக்குக் கட்டினேன். ஓடாத ஓட்டத்தின் கடன் என் தலையில் நின்றது.

2023 ஜனவரியில் என் வீட்டுக்காரர் இந்தக் கடிகாரத்தை வாங்கி வந்தார். "இனிமே அளவு தெரிஞ்சு ஓடு" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பிப்ரவரி டர்பனில் விடிகாலை ஐந்து மணிக்கே வேர்வை வழியும். தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கே அந்தப் புழுக்கம் கனமானது. உஷாகா கடல் பூங்காவிலிருந்து ப்ளூ லகூன் பக்கம் போகும் கடற்கரை நடைபாதையில் பக்கத்தில் ஓடியவளோடு வீட்டுக்கதை பேசிக்கொண்டே மெதுவாகப் போனேன். கடிகாரம் பார்த்தேன், துடிப்பு 168. எனக்கு அப்போது 46 வயது. 220லிருந்து வயதைக் கழிக்கும் அந்தத் தோராயக் கணக்கில் என் உச்சம் 174. உச்சத்துக்கு ஆறு குறைவாக இருக்கிறவள் வாய் ஓயாமல் பேச முடியுமா? நின்றேன். கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி எண்ணினேன். 33. நாலால் பெருக்கினால் 132. அடுத்த பக்கத்தைத் தள்ளிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறேன் என்ற கணக்கும் 168தான். என் காலடியை எண்ணி அதை என் இதயம் என்று காட்டியிருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று தேடிப் படித்தேன். கடிகாரத்தின் அடியில் இருக்கும் சின்ன விளக்குகள் தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சுகின்றன. ரத்தம் பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் நாளத்தில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறைகிறது. அதை எண்ணினால் நாடி. ஓடும்போது ஒவ்வொரு மிதிக்கும் கடிகாரமும் தோலில் அசைகிறது, வெளிச்சமும் அதே தாளத்தில் ஆடுகிறது. வேர்வை தேங்கி வார் வழுக்கினால் கேட்கவே வேண்டாம். குளிர்காலத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஓடும்போது வேறு தொல்லை, தோலுக்கடியில் நாளங்கள் சுருங்கிவிடுவதால் பச்சை வெளிச்சத்துக்கு எண்ண எதுவும் கிடைப்பதில்லை.

மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, வாரை ஒரு துளை இறுக்கிக் கட்டினால் பாதி சரியாகும். தைப்பூசக் காவடிக்கு இடது கையில் காப்புக் கட்டியிருந்த நாட்களில் கடிகாரத்தை வலக்கைக்கு மாற்றியும் பார்த்தேன், பெரிய வித்தியாசமில்லை. கடைசியில் 1,100 ராண்ட் கொடுத்து மார்புப் பட்டை வாங்கினேன். அது இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கிறது. கட்டும் முன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் போதும். முதல் நாளே அதே பாதை, அதே வேகம், 134 காட்டியது. இதுவரைக்கும் நடந்ததை நான் மன்னித்துவிட்டேன். வெளிச்சமும் வேர்வையும் செய்த பிழை அது, யாருடைய குற்றமும் இல்லை.

இனி இந்தக் கடிகாரத்தின் மேல் நான் வைத்திருக்கும் பிரியத்தைச் சொல்லவேண்டும்.

பெட்டியில் இதற்காக ஒரு வரி கூட எழுதியிருக்கவில்லை. நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று அமைத்துவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மணிக்கட்டில் 'விர்' என்று ஓர் அதிர்வு. அவ்வளவுதான். ஓட்டத்துக்கு நடுவே, களைப்பு வரும் முன்பே நடந்துவிடும் இந்த முறையை உலகத்துக்குப் பரப்பியவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே. தென்னாப்பிரிக்காவில் இதைப் புத்தகத்தில் படிக்கவேண்டியதில்லை, ரோட்டில் பார்க்கலாம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஏறக்குறைய 90 கி.மீ. ஓடும் காம்ரேட்ஸில் 'பஸ்' என்று ஒன்று உண்டு. ஒரு மூத்த ஓட்டக்காரர் முன்னால் போவார், அவர்தான் டிரைவர். எங்கே ஓடுவது, எங்கே நடப்பது என்று அவர் குரல் கொடுப்பார். பின்னால் நூறு பேர் ஒரே உடம்பாக ஓடுவார்கள், நடப்பார்கள், பாடுவார்கள். 12 மணி நேரம் முடியும்போது, ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கி சுடுவார்கள். ஒரு வினாடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. அதற்கு முன் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் அந்த டிரைவரின் வேலை.

எங்கள் பயிற்சிக் குழுவிலும் அப்படி ஒருவர் இருந்தார். டர்பனை ஒட்டிய உம்லாசிக்காரர், காம்ரேட்ஸைப் பத்துத் தடவைக்கு மேல் முடித்து, அப்படி முடித்தவர்களுக்கு நிரந்தரமாகக் கொடுக்கும் பச்சை எண்ணை வாங்கியவர். நாங்கள் எல்லோரும் அவரை பாபா என்போம். நான் கொஞ்சம் வேகம் கூட்டினால் "கஹ்லே, சிஸி" என்பார், ஜூலு மொழியில் மெதுவாகப் போ என்று அர்த்தம். அவர் வராத வாரநாட்களில் அந்தக் குரலின் இடத்தில் இந்த அதிர்வு இருந்தது. காலில் தெம்பு இருக்கும்போதே 'நட' என்று சொல்லும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் மாதம் வாரத்துக்கு 45 கி.மீ. போய்க்கொண்டிருந்தேன், அந்த நாணய அளவு இடம் வலிக்கவே இல்லை. 2022ல் என்னிடம் இல்லாமல் போனது இந்த அதிர்வுதான். என் எலும்புக்குக் கட்ட நேரம் கொடுத்தது அது. இருட்டில், மழையில், திரையைப் பார்க்க முடியாத சாட்ஸ்வொர்த் மேடுகளில் ஒரு தடவை கூடத் தப்பியதில்லை.

2024ல் மாரத்தான் ஓடினேன். காலவரம்பு 6 மணி நேரம். பாபாவின் பஸ்ஸில் நாங்கள் 14 பேர், 5 மணி 45 நிமிடத்தில் முடிப்பது திட்டம். வழியில் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் குடிப்பதும், உப்புத் தொட்ட அவித்த உருளைக்கிழங்கும், தண்ணீர் மேசைகளுக்குப் பின்னால் நிற்கும் சனங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இந்த ஊர் ஓட்டத்துக்கே உரியவை. 30 கி.மீ. வரை எனக்கு எந்தக் குறையுமில்லை.

31ஆவது கிலோமீட்டரில் கடிகாரம் அலறியது. துடிப்பு 171. எனக்கு 47 வயது முடிந்திருந்தது, உச்சம் 173. வெயில் ஏறிவிட்டது. மார்புப் பட்டை கட்டியிருக்கிறேன், அது பொய் சொல்லாது என்று வாங்கிய நாளிலிருந்து நம்பி வந்தவள் நான். நெஞ்சில் கை வைத்தேன். மூச்சு இறைக்கவில்லை, ஆனாலும் பயம் வந்துவிட்டது. பாபாவிடம் கை காட்டிவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குள் போனேன். நர்ஸம்மா மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். 146. இன்னொரு தடவை எண்ணினார். 141. தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, இரத்த அழுத்தம் பார்த்து, "ஒன்றுமில்லை, போங்கள்" என்று விட்டபோது ஒன்பது நிமிடம் போயிருந்தது.

மார்புப் பட்டையின் பொத்தான் பேட்டரி எங்கோ வழியில் தீர்ந்துபோயிருக்கிறது. கடிகாரம் என்ன செய்தது? 'பட்டை போய்விட்டது' என்று ஒரு சொல் இல்லை. தானாக மணிக்கட்டு விளக்குக்கு மாறி, அந்த எண்ணை அதே இடத்தில், அதே எழுத்தில், அதே நிறத்தில் காட்டியிருக்கிறது. திரும்பவும் என் காலடியைத்தான் எண்ணியிருக்கிறது. நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை அதிரத் தெரிந்த கருவிக்கு இதற்கு ஒரு தடவை அதிரத் தெரியவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், "வடிவமைப்பே அப்படித்தான்" என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் அங்கேதான். வேர்வையில் பிழை வருவது இயற்கை. சொல்லாமல் மாற்றுவது மேசையில் உட்கார்ந்து யாரோ எடுத்த முடிவு. பட்டையின் இணைப்பு அறுந்தது என்று சொல்லியிருந்தால் அந்த 171ஐ நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

மிச்சம் 11 கிலோமீட்டரைத் தனியாக ஓடினேன். அதிர்வு மட்டும் துணை. 5 மணி 57 நிமிடம். 5:44க்கு முடித்துவிட்ட அந்த 13 பேரும் வெயிலில் கோட்டுக்கருகே நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் கூட வீட்டுக்குப் போகவில்லை. பாபா என் பையைத் தோளில் மாட்டி வைத்திருந்தார். பதக்கம் கிடைத்தது, வேனுக்குக் காசு சேர்ந்தது, ஆயாவின் கடன் தீர்ந்தது. ஆனால் பதினாலு பேராகக் கைகோத்துக் கோட்டைத் தாண்டுவோம் என்று எட்டு மாதமாகப் பேசியிருந்தோம். அவர்கள் கோத்த படத்தில் என் கை இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைக்கத் தோன்றுகிறது.

ரிப்பேர் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். உப்புக்காற்றும் வேர்வையும் சேர்ந்து இடப்பக்கப் பொத்தான் இறுகிவிட்டது. அதிகாரப்பூர்வ சேவை மையம் ஒன்று மூன்று வாரம் வைத்திருந்துவிட்டுச் சரிசெய்ய முடியாது, புதிது வாங்கினால் தள்ளுபடி என்றது. பழைய கிரே தெருவில், இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு, கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் இருபது நிமிடத்தில் பொத்தானைக் கழற்றிச் சுத்தம் செய்து 150 ராண்ட் வாங்கிக்கொண்டார். ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசச் சொன்னார். இரண்டரை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம். பேட்டரி முன்பு தாங்கியதில் பாதிதான் இப்போது தாங்குகிறது, ஆனாலும் எனக்கு ஒரு மாரத்தானுக்குக் காணும். தூரக் கணக்கில் அன்று 42.7 காட்டியது. வளைவுகளில் நாம் குறுக்குக் கோட்டில் ஓடுவதில்லை, அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

தங்கச்சி, என் பதில்: வாங்காதே. 3,100க்கும் வேண்டாம், 2,000க்கு வந்தாலும் வேண்டாம். மார்புப் பட்டை மட்டும் வாங்கு, போனோடு சேரும். ஓட்டத்துக்கு முந்தின இரவு புது பொத்தான் பேட்டரி போடு. நடை-ஓட்ட அதிர்வுக்கு போனிலேயே செயலி இருக்கிறது, இடுப்புப் பையில் வைத்துக்கொண்டால் தெரியும். முதல் மூன்று மாதம் வாரக் கிலோமீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டவேண்டும். எலும்பில் ஒரே இடத்தில் வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடு.

என்னுடையதில் மணிக்கட்டு விளக்கை அமைப்பில் போய் அணைத்துவிட்டேன். பட்டை போனால் இப்போது இரண்டு கோடு மட்டும் காட்டும். ஞாயிறு காலை 4:45க்கு உஷாகா வாசலுக்கு வா. பாபாவும் வருகிறார். அந்த அதிர்வு எப்படி இருக்கும் என்று உன் கையில் ஒரு சுற்று கட்டிப் பார்க்கத் தருகிறேன்.